கோடு நிற்காத அண்டாக்கள்

மதுரையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், கை கழுவும் சாக்கில் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே அடுப்பில் உட்கார்ந்திருக்கும் அண்டாக்களில் இரண்டுக்கு ஒன்று என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். நாலு வரி எழுதினால் ஆறு பிழை வரும். ஆனால் ஒரு லாரி நிறையச் சாமான் வந்து இறங்கினால், நின்ற இடத்திலிருந்தே ஒரு ஜல்லிக்கரண்டி குறைகிறது என்று சொல்லிவிடுவேன். சாமான் அடுக்கி வைக்க அவனியாபுரத்தில் ஒரு கிட்டங்கி, திருமங்கலத்தில் ஒரு கிட்டங்கி, பையன்கள் இரண்டு பேருக்கும் கே.கே. நகரில் வீடு. உன்னை ஆளாக்கியது யார் என்று கேட்டால் நெஞ்சைத் தொட்டு நான்தான் என்பேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் பாத்திரம் கழுவிய அந்த அக்காவும் சொல்லித்தரவில்லை. அவள் என்னிடம் பேசியதே குறைவு. பேசியதில் முக்கால்வாசி "திரும்பத் தேய்" என்பதுதான்.

என் முதல் வேலை திருமங்கலத்தில் ஒரு பாத்திர வாடகைக் கடை. எனக்கு வயது பதினைந்து. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சாவுக் கேதம், எது நடந்தாலும் அந்த ஊரும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் அண்டா குண்டாவுக்கு எங்கள் கடைக்குத்தான் வரவேண்டும். நான் தள்ளுவண்டி தள்ளுவேன். விசேஷ வீட்டில் எண்ணி இறக்குவேன். முடிந்ததும் எண்ணி ஏற்றிவருவேன். கடைக்குப் பின்னால் கிணற்றடி. அங்கே உட்கார்ந்து அத்தனை சாமானையும் கழுவுகிறவள் அவள் ஒருத்திதான்.

பெயர் தெரியாது. எல்லாருக்கும் அக்கா. முதலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாற்பதைத் தாண்டியவள், குட்டையான உருவம், முழங்கை வரைக்கும் எப்போதும் சாம்பல். நூறு படி அரிசி வேகும் பெரிய அண்டாவைப் படுக்கப் போட்டு, அதற்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்வாள். வெளியே நின்று பார்த்தால் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து சரட் சரட் என்று நார் இழுபடும் சத்தம் வரும். முதல் நாள் அதைப் பார்த்து நான் மிரண்டுபோய், "யக்கா, உள்ளயா இருக்க?" என்று கேட்டேன்.

"இல்ல, மெட்ராசுக்குப் போயிருக்கேன். சாம்பல எடு" என்று அண்டா பதில் சொன்னது.

புளி, அடுப்புச் சாம்பல், செங்கல் பொடி, தேங்காய் நார். இவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். கழுவி முடித்தால் அண்டாவின் காது இருக்கிறதே, பிடித்துத் தூக்குகிற வளையம், அதற்குள் விரலை விட்டுத் துழாவுவாள். விரலை மூக்கருகே கொண்டுபோவாள். பழைய சாம்பார் வாடை இருந்தால் மறுபடி முதலிலிருந்து. வேலை குறைவான நாட்களில் என்னையும் ஒரு தூக்குவாளியோடு உட்கார வைப்பாள். நான் எப்படித் தேய்த்தாலும் விரல் உள்ளே போகும், மூக்குக்கு வரும், வாளி என் மடியில் வந்து விழும். "திரும்பத் தேய்."

வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் சும்மா எடுக்க மாட்டார்கள். முதலாளியிடம் பேசிவிட்டு, யாருக்கும் தெரியாத மாதிரி கிணற்றடிக்கு வந்து அவளிடம் விசாரிப்பார்கள்.

"யக்கா, இது கடைசியா எங்க போயிட்டு வந்துச்சு?"

"கழுவிட்டேன்."

"கறி ஆக்குனதா?"

"கழுவிட்டேன்."

"இல்லக்கா, எங்க மாமியாருக்கு ஆகாது, அதுக்குத்தான்..."

"கழுவிட்டேன்ல."

எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்காத பூட்டு. ஒருநாள் வண்டிக்கார அண்ணன் ஒருவர் குறும்பாக, "ஏக்கா, ஒன் வீட்டுக்காரர் எங்கக்கா, ஆளையே காணோம்?" என்று கேட்டார். அண்டாவுக்குள்ளிருந்து அதே குரலில் பதில் வந்தது: "கழுவிட்டேன்." கிணற்றடியே சிரித்தது. அவள் வெளியே வந்தபோது அவள் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது பலகை விஷயத்தைச் சொல்லவேண்டும். கடைக்குள் சுவரோரம் இரண்டு பெரிய பலகைத் தட்டுகள். மேல் பலகையில் இருக்கும் சாமானுக்கு விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் நீலப் பெயின்ட் கோடு. கீழ் பலகைச் சாமானுக்குக் கறுப்புக் கோடு. நீலக் கோடு ஊருக்குள் நடக்கும் கல்யாணங்களுக்குப் போகும். கறுப்புக் கோடு இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று, கேதம் விழுந்த வீடு. இன்னொன்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் தெரு. எங்கள் அப்பன் பாட்டனெல்லாம் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். எங்கள் வீட்டில் கல்யாணமே நடந்தாலும், முந்தாநாள் யாரோ செத்த வீட்டில் சோறு பொங்கிய அண்டாதான் வரும். முதலாளி கெட்டவர் இல்லை. என்னிடம் ஒருநாளும் கைநீட்டியதில்லை. "நான் என்னடா செய்ய, ஊரு கேக்குது" என்பார். கறுப்புக் கோட்டுச் சாமானை ஏற்றி இறக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார். நீலக் கோட்டுக்கு வேறு ஆள்.

ஊருக்கே அந்தக் கோடு தெரியும். எங்கள் ஆட்களுக்கும் தெரியும். அதுதான் வினை. நான் வேலையில் சேர்ந்த வருஷம், எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் சனம்தான். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்களில் ஒருவர் சாம்பார் அண்டாவின் கோட்டைப் பார்த்துவிட்டார். "கேத வீட்டு அண்டாலயா எங்க மாப்ளைக்குச் சோறு?" என்று எழுந்தார். அவரோடு நாற்பது பேர் எழுந்தார்கள். இலையை மூடிவிட்டுப் போனார்கள். தாலி கட்டியாகிவிட்டது, அதனால் கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை அவள் புகுந்த வீட்டில் பல வருஷம் "கறுப்புக் கோட்டுக்காரி" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சாமானை எண்ணித் திரும்ப ஏற்றியவன் நான். சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

கிணற்றடியில் கொண்டுபோய் இறக்கினேன். அவள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். மிச்சத்தைப் பார்த்தே அவளுக்கு வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். "பந்தி எந்திரிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கோடுகள் தேய ஆரம்பித்தன என்று இப்போது யோசித்தால் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றவில்லை. முதலாளி மாதம் ஒருமுறை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கோடு போடுவார். அடுத்த கழுவலில் அது பாதி காணாமல் போகும்.

"ஏக்கா, கரியை எடுக்கச் சொன்னா பெயின்ட எடுக்குற?"

"கறுப்பா இருந்துச்சு. கரின்னு நெனச்சேன்."

"நீலக் கோடும்ல போயிருக்கு?"

"அது தானா உரிஞ்சிருச்சு. நல்ல பெயின்டா வாங்குங்க."

முதலாளி பெயின்ட் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மறுபடி போடுவார்.

அடுத்த வருஷம் வைகாசியில் என் அக்காவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு, கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு அவனியாபுரத்தில் ஒர்க்‌ஷாப் வேலை. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் இருந்தார். அவர் நல்லது சொன்னால்தான் அந்த வீட்டில் நல்லது. நிச்சயத்துக்கு வந்தவர் எங்கள் குத்துவிளக்கைத் திருப்பிப் பார்த்தார், தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் எதைப் பார்ப்பார்?

அப்பா கடைக்கு வந்து சாமான் கேட்டார். முதலாளி நல்ல முறையில்தான் பேசினார். "நம்ம பய வீட்டுக் கல்யாணம், இல்லாமயா? கீழ் பலகை பூராம் எடுத்துக்கங்க." அப்பா கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். "யக்கா, மொதலாளிகிட்ட நீ சொன்னா கேப்பாரு. மேல் பலகைச் சாமான் குடுக்கச் சொல்லுக்கா. ஒரு நாளைக்குத்தான."

அவள் நிமிரவே இல்லை. "என்கிட்ட வந்து பலகையப் பத்திப் பேசாத. கழுவுறது மட்டுந்தான் என் சோலி."

"நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று கேட்டுவிட்டேன்.

"செங்கப் பொடி தீந்துருச்சு. ரெண்டு சட்டி இடிச்சு வச்சிட்டுப் போ" என்றாள்.

அழுதுகொண்டே இடித்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாமான் ஏற்ற வண்டியோடு வந்தேன். கீழ் பலகைச் சாமான் மொத்தமும் கிணற்றடியில் வெயிலில் கவிழ்ந்து கிடந்தது. பார்த்தால் கண் கூசியது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கோட்டைக் காணோம். அண்டா, குண்டா, வாளி, தாம்பாளம் எதிலும் ஒரு மயிரிழை கறுப்புகூட இல்லை. முன்பு ஒரு கேத வீட்டுக் கிணற்றில் இடித்து நெளிந்துபோன ஓர் அண்டாவின் காது மட்டும் நெளிந்தபடியே இருந்தது. அவள் விரல்கள் பத்திலும் துணி சுற்றியிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். "என்ன வாயப் பாக்குற, ஏத்து" என்றாள்.

மறுநாள் பந்தியில் தாய்மாமன் உடனே உட்காரவில்லை. நேரே அடுப்படிக்கு வந்தார். அண்டாவைச் சுற்றி வந்தார். விளிம்பைத் தடவினார். "சாமான் புதுசா இருக்கு?" என்றார்.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் பெருமை எனக்குப் பிறவிக் குணம். நெஞ்சை நிமிர்த்தி, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். "மேல் பலகைச் சாமான் மாமா! எங்க கடையில எனக்காகக் குடுத்தாக!"

தாய்மாமன் என் தோளில் தட்டினார். முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் தலையைத் தடவினாள். அந்த மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானம் அதற்குப் பிறகு இவ்வளவு சம்பாதித்தும் எனக்கு வரவில்லை.

நான் சொன்ன சொல் மறுநாள் காலைக்குள் ரயில் பாதையைத் தாண்டிவிட்டது.

கல்யாணத்தன்று ராத்திரியே சாமானைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்கினேன். அன்றைக்கு ஊருக்குள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நீலக் கோட்டுச் சாமானும் திரும்பி வந்திருந்தது. வழக்கமாக இரண்டு குவியலாக இறக்குவோம். அவள் இரண்டையும் இழுத்து ஒரே குவியலாகப் போட்டுக்கொண்டாள். மறுநாள் விடியலில் உட்கார்ந்தவள் பத்து மணிக்குத்தான் எழுந்தாள். கிணற்றடியிலிருந்து பின்வாசல் வரைக்கும் ஒரே வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை.

அந்த நேரத்தில் அரிசி மில்காரர் வந்தார். மூன்று நாளில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊரில் பெரிய வீடு. முதலாளி எழுந்து நின்றார்.

"என்னய்யா, மேல் பலகைச் சாமான் தண்டவாளத்துக்கு அந்தாண்ட போச்சாம்ல?"

"அய்யய்யோ, போகலைங்க. கீழ் பலகைதான் குடுத்துவிட்டேன்."

"அங்க நேத்து ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லியிருக்கான் ஒரு பய."

முதலாளி என்னைப் பார்த்தார். "டேய், உங்க வீட்டுக்கு எந்தச் சாமான் போச்சு? அய்யாகிட்ட சொல்லு."

கீழ் பலகை என்று சொன்னால் முடிந்தது. அதுதான் உண்மையும்கூட. ஆனால் தாய்மாமனும் மாப்பிள்ளை வீட்டாரும் மறுவீட்டுக்காக அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான் நேற்று சொன்னது ரயில் பாதையைத் தாண்டி இங்கே வந்த மாதிரி, இன்று சொல்வது தாண்டி அங்கே போகும். என் அக்காவும் கறுப்புக் கோட்டுக்காரி ஆவாள். நான் தரையைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து நான் பேசாமல் நின்றது அன்றைக்கு ஒருநாள்தான்.

முதலாளி கிணற்றடிப் பக்கம் திரும்பினார். "ஏக்கா, நீ சொல்லு. எது போச்சு?"

"கழுவிட்டேன்."

"அதக் கேக்கல. இதுல மேல் பலகை எது, கீழ் பலகை எது?"

"எல்லாம் கழுவிட்டேன். பாத்து எடுத்துக்கங்க."

மில்காரர் வரிசையைப் பார்த்துக்கொண்டே பின்வாசல் வரைக்கும் நடந்தார். அங்கிருந்து திரும்பி நடந்தார். ஒரு வாளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளியில் அவர் முகம்தான் தெரிந்திருக்கும். கீழே வைத்தார். "நான் மதுரையிலயே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதுரைக் கடையில் எடுத்த சாமான் எங்கெங்கே போய்விட்டு வந்தது என்று அவர் யாரிடம் கேட்டாரோ தெரியாது.

முதலாளி கத்தவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அக்கா, நாளையிலருந்து நீ வரவேணாம்" என்றார்.

அவள் கையை அலம்பினாள். விரல் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பிழிந்து கொடியில் போட்டாள். போகும்போது என் பக்கம் திரும்பி, "அந்த இட்லிக் கொப்பரை இன்னும் காயல. காஞ்சதும் கவுத்து வையி" என்றாள். அவ்வளவுதான். நான் கொப்பரையை வெயிலுக்கு நகர்த்தி வைத்தேன்.

அடுத்த வாரம் முதலாளி பிரஷ்ஷோடு உட்கார்ந்தார். எது எது என்று அவருக்கே தெரியவில்லை. பளபளப்பாகக் கண்ணுக்குப் பட்டதற்கெல்லாம் நீலம் போட்டார். காது நெளிந்த அந்தக் கேத வீட்டு அண்டா நீலக் கோட்டோடு மேல் பலகைக்கு ஏறியது. அதை ஏற்றி வைத்தவன் நான்தான். அதற்குப் பிறகு அது ஊருக்குள் எத்தனையோ கல்யாணம் பார்த்தது. இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னால் சொல்லாமல் வைத்திருக்க முடிந்த ஒரே சமாச்சாரம் இது.

இருபது வருஷம் கழிந்தது. நான் தனியாகக் கடை போட்டு, அது இரண்டாகி, கழுத்தில் சங்கிலி, கையில் மோதிரம், வெள்ளை வேட்டி என்று ஆகிவிட்ட காலம். கே.கே. நகரில் ஒரு மண்டபத்துக்கு என் சாமான் போயிருந்தது. மண்டபத்து ஆட்கள் பாத்திரம் கழுவுகிற பின்பக்கம் போனேன். ஒரு பெரிய அண்டா படுத்துக் கிடந்தது. உள்ளேயிருந்து சரட் சரட் என்று சத்தம். வெளியே இரண்டு பாதங்கள்.

குனிந்து, "யக்கா" என்றேன்.

"யாரு?"

சொன்னேன். கடைப் பேரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த பேச்சு வந்துவிட்டது. இந்த அண்டா என்னுடையது, இங்கிருக்கிற அம்புட்டும் என்னுடையது, அங்கே கிட்டங்கி, இங்கே கிட்டங்கி என்று அடுக்கினேன். சரட் சரட் நிற்கவில்லை.

"கொஞ்சம் நகரு. வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தொண்டையில் இருபது வருஷமாகக் கிடந்ததை எடுத்தேன். "யக்கா, அன்னைக்கு மொதலாளி கேட்டப்ப நான் கீழ் பலகைச் சாமான்தான்னு சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்காது. நான் சொல்லல."

சத்தம் நின்றது. தலை வெளியே வந்தது. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ சொல்லியிருந்தா அந்தச் செங்கலாலயே உன் மண்டையப் பொளந்திருப்பேன்" என்றாள். "உங்க அக்கா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. ரெண்டு பையன்."

"ம்."

என் கடைக்கு வந்துவிடு, கழுவ வேண்டாம், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். "உக்காந்து என்னத்தப் பாக்க?" என்றாள். பிறகு பக்கத்தில் இருந்த என் வாளி ஒன்றை எடுத்து, காதுக்குள் விரலை விட்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தாள்.

"இத எவன் கழுவுனான்?"

என் ஆட்கள்தான். வாளி என் வெள்ளை வேட்டியில் வந்து விழுந்தது. என்னிடம் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நாரை எடுத்தேன். கால்மணி நேரம் தேய்த்திருப்பேன். நீட்டினேன். விரல் உள்ளே போனது, மூக்குக்கு வந்தது.

"திரும்பத் தேய்" என்றாள்.

தேய்த்தேன்.